பொங்காத பாண்

என் வயதுக்காரர்களே, உங்களில் யாரும் என்னை விடக் கஷ்டப்பட்டு மேலே வந்ததாகச் சொல்ல வேண்டாம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இன்றைக்குக் கண்டியில் ஒன்று, கம்பளையில் ஒன்று, கலகெதரையில் ஒன்று என்று மூன்று பேக்கரி என் பெயரில் ஓடுகிறது. இந்தப் பக்கத்தில் என் பாணைக் கடிக்காத வாய் ஒன்று இருந்தால், அது இன்னும் பால் குடிக்கிற வாயாகத்தான் இருக்கும். பிசைந்த மாவை ஒரு தரம் அழுத்திப் பார்த்து, எத்தனை மணிக்கு அது பொங்கி நிற்கும் என்று சொல்லிவிடுவேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். மெஷின் விற்க வந்த படித்த பையன்கள் இரண்டு பேர் இதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துப் பையைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இத்தனையும் சொன்ன நான், ஒன்றை மட்டும் இதுவரை எழுத்தில் வைத்ததில்லை. பேக்கரித் தொழிலில் நான் செய்த முதல் வேலை, பன்னிரண்டு பாணைப் பொங்க விடாமல் செய்ததுதான். அப்போது எனக்கு எட்டு வயது. ஊரெல்லாம் மலேரியாக் காய்ச்சல் வந்து படுத்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முந்திய வருடம்.

நம் மாதா கோவிலில் இப்போது பலி என்றும் மீட்பு என்றும் நன்றாகப் பிரசங்கம் வைக்கிறார்கள். நானும் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து கேட்கிறேன். ஆனால் அந்த இரண்டு சொல்லும் எனக்கு விளங்கியது ஒரு கள்ளுப் பானையில். அதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் வீடு, பேக்கரியின் பின்சுவரோடு ஒட்டிய ஒரே அறை. பாண் சுடும் போறணையின் முதுகுதான் எங்களுக்குச் சுவர். மழைக்காலத்தில் கண்டி முழுதும் போர்வைக்குள் நடுங்கும்போது, நாங்கள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பூனைகள் மாதிரிச் சுகமாக இருப்போம். செங்கல்லின் சூடு, வெந்த மாவின் வாசம், விறகுப் புகை, பக்கத்துச் சதுப்பிலிருந்து வரும் பச்சை வாடை எல்லாம் சேர்ந்த ஒரு மணம் அந்த அறைக்கு இருந்தது. இன்றைக்கு என் வீட்டில் எட்டு அறை. அந்த மணத்தை எந்த அறையிலும் கொண்டுவர முடியவில்லை.

அப்பா கம்பளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, மா மூட்டை தூக்கி, பிறகு மா பிசைந்து, கடைசியில் அந்தப் பேக்கரிக்கே பாஸ், அதாவது தலைமைப் பாண்காரர், ஆனவர். நல்ல மனிதர். குடித்தாலும் நல்ல மனிதர்தான். அம்மாவுக்கு அதுதான் கோபம். அடிக்கிற புருஷன் என்றால் திட்டலாம். இவர் குடித்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்து முதலாளியின் தாரா வாத்துகளோடு பேசுவார். "வாங்க, இப்படி ஒக்காருங்க, சாப்பிட்டீங்களா?" என்று ஒவ்வொரு தாராவுக்கும் மரியாதை கொடுப்பார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே செபமாலையை உருட்டுவார்.

முதலாளி சிங்களவர், பன்சலைக்குப் போகிற பௌத்தர். அரைத் தமிழ் பேசுவார். அவருக்குப் பிள்ளை இல்லை. ஏழு தாரா இருந்தன. அவற்றுக்குக் காய்ந்த பாணை ஊறவைத்து அவரே ஊட்டுவார்.

அந்த வருடம், பாஸ்குப் பெருநாளுக்கு முந்திய தபசுகாலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்த அப்பா, தான் கள்ளுக் குடிக்கும் தகரக் குவளையை எடுத்தார். சிலுவை மாட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்தார். குவளையை அதில் தொங்கவிட்டார்.

"பாஸ்கு முடியிற வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்," என்றார்.

அம்மா குவளையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஆணி ஒழுங்கா அடிச்சீங்களா? ரெண்டு நாளுல கழண்டு விழுந்துறப் போகுது," என்றார். சிரிக்கவில்லை. ஆனால் அன்று கஞ்சியில் அவருக்கு மட்டும் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் கூட விழுந்ததை நான் பார்த்தேன்.

இதில் உபதேசியாருக்கும் ஒரு பங்கு இருந்தது. அவர் யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளை வேட்டி, கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு. கோவிலில் ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவரும் அவர்தான், எல்லோரையும் கண்காணிப்பவரும் அவர்தான். பெரிய வியாழன் அன்று பன்னிரண்டு ஆண்களைக் கதிரையில் உட்கார வைத்து, அப்போஸ்தலர்களுக்கு ஆண்டவர் செய்தது போல, சாமியார் பாதம் கழுவுவார். கழுவிய ஒவ்வொருவருக்கும் ஒரு பாண் கொடுப்பார். அந்தப் பன்னிரண்டு பேரையும் தெரிந்தெடுப்பவர் உபதேசியார்.

பதினொரு கதிரைக்கு ஆட்கள் முண்டியடித்தார்கள். பன்னிரண்டாம் கதிரைக்குத்தான் ஆள் இல்லை. ஊரில் அதற்கு யூதாஸ் கதிரை என்று பெயர் விழுந்துவிட்டது. முந்திய வருடம் அதில் உட்கார்ந்த தையற்காரரை மார்க்கெட்டில் மரக்கறிக்காரன் கூட "என்ன யூதாஸ், கத்தரிக்காய் வேணாமா?" என்று கேட்டான். அவர் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

உபதேசியார் அப்பாவைக் கூப்பிட்டார். "தபசுகாலம் முழுக்கக் கள்ளைத் தொடாமல் இருந்தீரெண்டால், பன்னிரண்டாம் கதிரை உமக்கு. சம்மதமோ?"

"யாராச்சும் ஒக்காரத்தானேங்க வேணும்," என்றார் அப்பா. "நான் ஒக்காந்துக்கிறேன். சாமி தண்ணி ஊத்தும்போது ஆண்டவருக்குத் தெரியாதா எந்தக் காலு யாரு காலுன்னு."

அம்மாவுக்கு அது யூதாஸ் கதிரையாக இருந்தால் என்ன, ராஜா கதிரையாக இருந்தால் என்ன? புருஷன் கோவிலில் எல்லோருக்கும் முன்னால் உட்காரப் போகிறார். குழாயடியில் இரண்டு தரம் சொன்னார். அதோடு விட்டாரா? அந்தப் பன்னிரண்டு பாணும் அப்பாவே சுட்டுக் கொடுக்கும் நேர்ச்சை என்று பேசிவைத்தார். முதலாளி அதைக் கேட்டு, "மா நான் குடுக்கிறது. கோயில் யார் கோயில் எண்டால் என்ன, புண்ணியம் புண்ணியம்தானே," என்று ஒரு சின்ன மூட்டையைத் தனியாக எடுத்துவைத்தார்.

பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிலுவைப்பாதைக்குப் போகும்போது கோவில் வாசலில் உபதேசியார் நிற்பார். மற்றவர்களுக்குத் தூரத்தில் நின்று தலையாட்டுவார். அப்பா வந்தால் மட்டும் முகத்துக்கு முகம் வைத்து, "சுகமே இருக்கிறீரோ?" என்று கேட்டு மூக்கை நீட்டுவார். அப்பாவும் தாராளமாக "சுகம்ங்க" என்று ஹகாரத்தோடு ஊதிவிடுவார். அந்த ஊதலில் பச்சை வெங்காய நாற்றம்தான் வரும். பகல் சாப்பாட்டில் வேண்டுமென்றே கடித்துவிட்டு வருவார். உபதேசியார் இரண்டடி பின்னால் போவார். ஆறு வெள்ளிக்கிழமையும் இதே கூத்து.

எனக்கும் அந்தப் பாஸ்குவில் ஒரு பெரிய காரியம் இருந்தது. உயிர்த்த ஞாயிறு அன்று முதன்முதலாக நற்கருணை, அதுதான் புதுநன்மை, வாங்க வேண்டும். மா மூட்டைத் துணியை வெளுத்து அம்மா எனக்கு வெள்ளைச் சட்டை தைத்தார். எத்தனை தரம் வெளுத்தும் முதுகில் மா மூட்டையின் சிவப்பு நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தது. முக்காடு அதை மறைத்துவிடும் என்றார் அம்மா. இன்றைக்கு என் பேத்திக்கு வேண்டிய துணியைக் கடையோடு வாங்கும் வசதி எனக்கு இருக்கிறது. அந்த நட்சத்திரம் போட்ட சட்டை மட்டும் எந்த அலுமாரியிலும் இல்லை.

புதுநன்மைப் பிள்ளைகளை உபதேசியார் மாலையில் கூட்டி வைத்துப் பாடம் சொல்வார். கையில் பிரம்பு இருக்கும். ஒரு பையன் கோவில் வளவில் ஒரு ஜம்புப் பழம் பறித்துத் தின்றதற்காக, அவனை அந்த வருடப் புதுநன்மையிலிருந்தே தள்ளிவிட்டார். "அடுத்த வருசம் பார்ப்பம்," என்றார். அவன் அம்மா அழுதும் கேட்கவில்லை. நாங்கள் ஜம்பு மரத்தின் நிழலில் கூட நடக்காமல் சுற்றிப் போனோம்.

ஒரு நாள் அவர் சொன்னார்: "பாவம் செய்தது நாங்கள். பலியானது அவர். எங்கட பழியைத் தன்ர தோளில ஏத்திக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் போனார். அதுதான் மீட்பு. விளங்குதோ?"

எனக்கு விளங்கவில்லை. நான் எழும்பினேன். "பாவம் செஞ்சவங்க பக்கத்துல நின்னாங்களா ஐயா?"

"ஓம், நிண்டவை."

"அப்ப அவங்க ஏன் சும்மா இருந்தாங்க? நான்தான் செஞ்சேன்னு ஒருத்தர் கூடச் சொல்லலையா?"

உபதேசியார் பிரம்பை மேசையில் தட்டினார். "கேள்வி நான் கேக்கிறது, மறுமொழி நீர் சொல்லுறது. இரும்."

இருந்தேன். அவருக்குப் பதில் தெரியாது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தப் புத்திக்குக் குறைவில்லை. ஆனால் அதே கேள்வி ஒரு வாரத்தில் திரும்பி வந்து என் கழுத்தையே பிடிக்கும் என்பதை அந்தப் புத்தி சொல்லித்தரவில்லை.

அப்பாவின் விரதத்துக்கு நான்தான் காவல் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் குவளை ஆணியில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்பா தெரு முனைக்குப் போனால் பின்னாலேயே போவேன். "என்ன பாப்பா, போலீஸ் வேலைக்குச் சேந்துட்டியா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

பெரிய புதன் காலை. பள்ளிக்கூடம் இல்லை. விறகு எடுத்துவரச் சொல்லி அம்மா அனுப்பினார். விறகு அடுக்கின் பின்னால், சாக்குப் போட்டு மூடி, ஒரு பானை. சாக்கைத் தூக்கினேன். கித்துள் மரத்துக் கள்ளு. நுரை தட்டிக்கொண்டு, கழுத்து வரை.

சாக்கைப் பிடித்தபடியே கணக்குப் பார்த்தேன். நாளைக்குக் கதிரை. இன்றைக்குப் பானை. அப்பா கடைசி நாளில் தோற்றுவிட்டார் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். கள்ளு விட்டுத்தான் அந்தக் காலத்தில் பாண் மாவைப் புளிக்க வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பாஸின் மகளான எனக்குத் தெரியாது. சுடுகிற இடத்துக்குப் பிள்ளைகள் வரக்கூடாது என்று அம்மா கண்டிப்பு. கடைப் பாணுக்கான கள்ளு நேராகப் பேக்கரி முன்வாசலுக்கு வந்து, நேராக மாவில் போய்விடும். சோறு நெருப்பில் பொங்குகிறது, பாணும் நெருப்பில்தான் பொங்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேர்ச்சைப் பாணுக்காக அப்பா தன் கையால் வாங்கிவந்த பானை அது. தபசுகாலத்தில் பானையோடு கண்டால் ஊர் என்ன சொல்லும், அம்மா என்ன நினைப்பார் என்று பயந்து விறகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். குற்றம் செய்யாத மனிதர் ஒளித்து வைத்ததுதான் அந்தப் பானை செய்த ஒரே குற்றம்.

நான் பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத்துத் தண்ணீர்க் குழியில் கவிழ்த்தேன். பெரும்பங்கு குழிக்கு, கொஞ்சம் என் சட்டைக்கு. காலிப் பானையைக் கண்டால் அப்பா வேறு வாங்கிவிடுவாரே? அம்மா அரிசி கழுவி வைத்திருந்த தண்ணீர் வெள்ளையாக, கள்ளு மாதிரியே இருந்தது. அதை ஊற்றி, சாக்கை மூடி, விறகோடு வீட்டுக்கு வந்து, ஆண்டவரே உம்முடைய அப்போஸ்தலரைக் காப்பாற்றினேன் என்று சிலுவைக்கு முன்னால் ஒரு செபமும் சொன்னேன். எட்டு வயதில் அவ்வளவு யோசனை யாருக்கு வரும், சொல்லுங்கள்.

மத்தியானம் அப்பா பானையை எடுத்துப் போய் மாவில் விட்டார். மற்ற நாளில் என்றால் ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்துப் புளிப்புப் பார்ப்பார். கள்ளின் பலத்தை அறிய பாஸ்மாருக்கு வேறு வழி இல்லை. அன்றைக்கு விரதம். விரலில் தொட்டுக்கூட வாயில் வைக்கவில்லை. பானையில் பழைய கள்ளின் வாசம் இருந்தது, அதை நம்பிவிட்டார்.

அதே நேரத்தில் முதலாளியின் தாராக்களுக்கு ஏதோ வந்துவிட்டது. ஏழும் வரிசையாக நடக்கும் தாராக்கள். அன்று ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம், ஒன்று சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பெரிய ஆண் தாரா கழுத்தை நீட்டி ஒரு பெருங் குரலில் கத்திவிட்டு மல்லாந்து விழுந்தது. முதலாளி நாட்டு வைத்தியரான வெதராலவைக் கூட்டிவந்து ஏழு கழுத்துக்கும் மந்திரித்த நூல் கட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார்.

பின்னேரம் ஆகியும் மா அப்படியே கிடந்தது. அப்பா துணியைத் தூக்கிப் பார்த்தார், மூடினார், மறுபடி தூக்கிப் பார்த்தார். கடைசியில் அப்படியே சுட்டார். வெளியே வந்தவை பன்னிரண்டு கூரை ஓடுகள்.

முதலாளி வந்தார். ஒன்றை எடுத்து மேசையில் தட்டினார். டொக்கென்றது. "பாஸ், மே மொகத? என்ன இது? பாண் இல்ல இது." பானையைச் சரித்து மிச்சத்தைக் கையில் விட்டு நக்கிப் பார்த்தார். துப்பினார். "அரிசித் தண்ணி. கள்ளு எங்க போச்சு?"

பாணைப் பார்க்க வந்த உபதேசியாரும் வாசலில் நின்றார். சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால்.

"யார் எடுத்தது? என்ட புண்ணியத்துக்குக் குடுத்த மா. யார் எடுத்தது சொல்லுங்க."

அப்பா பானையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை. என் சட்டை நுனியை. அதில் காய்ந்துபோன கள்ளின் வெள்ளைக் கறை இருந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜம்பு தின்ற பையனின் கதையும் அவருக்குத் தெரியும். வாசலில் நிற்கிறவர் யார் என்பதும் தெரியும். நட்சத்திரம் போட்ட சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"நான்தான் குடிச்சிட்டேன்," என்றார் அப்பா.

ஒரு முழுப் பானை. குடித்த மனிதர் நிமிர்ந்து நின்று, பன்னிரண்டு பாணுக்கும் மாவைப் பிசைந்து, கை நடுங்காமல் சுட்டும் முடித்திருக்கிறார். அங்கே மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. ஆறு வெள்ளிக்கிழமை மூக்கை நீட்டிய உபதேசியார், அது தேவைப்பட்ட ஒரே நாளில் மூக்கைப் பொத்திக்கொண்டார். முதலாளிக்கு அன்று இரண்டு துக்கம். இரண்டும் ஒரே துக்கம் என்று தெரியாமல் மாறி மாறிப் புலம்பினார்.

"நாயின்ர வாலை ஆர் நிமிர்த்திறது," என்றார் உபதேசியார். "நாளைக்கு நீர் கதிரைப் பக்கம் வரவேண்டாம்."

அம்மா திரும்பி நடந்தார். வீட்டுக்குள் போய், ஆணியிலிருந்து தகரக் குவளையைக் கழற்றினார். அதைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் தரையில் வைத்தார். அவ்வளவுதான்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்துச் சின்னதாய்த் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் வாயை மூடிக்கொண்டேன். ஏன் சும்மா இருந்தாங்க என்று கேட்டேனே, இப்படித்தான் இருந்தார்கள். பயத்தில். வெள்ளைச் சட்டை ஆசையில். அவர்களும் யாராவது ஒருவருடைய சேலைக்குப் பின்னால்தான் நின்றிருப்பார்கள்.

மறுநாள் பின்னேரம் கோவில் நிறைந்திருந்தது. பன்னிரண்டு கதிரை. பதினொன்றில் ஆட்கள், வலது கால் வேட்டிக்கு வெளியே. பன்னிரண்டாவதற்கு ஆள் கிடைக்காமல் கடைசியில் உபதேசியாரே உட்கார்ந்தார். ஒரு காலின் சப்பாத்தும் மேஸ் காலுறையும் கழற்றி, அந்தக் கதிரையில் தான் இருப்பதை யாரும் பார்க்கக்கூடாது என்பதுபோலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எல்லோருக்கும் பின்னால், கதவோரம். முதலாளி, புண்ணியத்துக்குக் கொடுத்த மா வீணாகக்கூடாது என்று அதே பாணைக் கூடையில் கொண்டுவந்து, பன்சலைக்காரர் என்பதால் வாசற்படிக்கு வெளியே நின்றார்.

சாமியார் வெள்ளைக்காரர். நீண்ட தாடி. தமிழைப் புத்தகத்தில் படித்தவர். புத்தகம் மாதிரியே பேசுவார். முழங்காலில் நின்று ஒவ்வொரு பாதமாகக் கழுவித் துடைத்து முத்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். ஏழு. எட்டு. ஒன்பது. நான் பிள்ளைகள் வரிசையில் பாயில் இருந்தேன். பத்து. திரும்பிப் பார்த்தேன். அப்பா சிரித்த முகத்தோடு நின்றார். யாரோ ஒருவருடைய கலியாணத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர் மாதிரி. பதினொன்று.

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. சாமியாரின் தண்ணீர்ச் சட்டிக்கு முன்னால் நின்றேன்.

"சாமி, கள்ளை நான்தான் கொட்டுனேன். அப்பா குடிக்கல. அரிசித் தண்ணி நான்தான் ஊத்துனேன்."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "புள்ள பொய் சொல்லுதுங்க சாமி. நான்தான் குடிச்சேன்."

"அப்பாதான் பொய் சொல்றாரு சாமி."

"இல்லைங்க சாமி, எனக்காகச் சொல்லுது."

சாமியார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இவ்வீட்டில் உண்மை உரைப்பவர் எவர்?" என்றார். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். "மகளே, அக்கள்ளை எவ்விடத்தில் ஊற்றினாய்?"

"பின்னால தண்ணிக் குழியில சாமி. தாரா குளிக்கிற குழி."

வாசலில் கூடை விழுந்தது. "அனே, மகே தாராவோ!" என்று முதலாளி தலையில் கை வைத்தார். அரைத் தமிழும் முழுச் சிங்களமும் கலந்து வந்தது. "நேத்து வெறியில விழுந்தது என்ட தாரா. நான் வெதராலக்குக் காசு குடுத்தது. ஏழு நூல் கட்டினது. பாஸ் குடிக்கல சாமி, என்ட தாரா குடிச்சது."

அந்தக் கோவிலில் பெரிய வியாழன் அன்று அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கதிரையில் இருந்த அப்போஸ்தலர்கள் ஈரக் காலோடு குலுங்கினார்கள். சாமியாரின் தாடி ஆடியது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கதவோரத்தையே பார்த்தார்.

"உபதேசியாரே, எழும்பும்," என்றார் சாமியார். "இருக்கைக்கு உரியவர் வந்துவிட்டார்."

உபதேசியார் ஒரு காலில் சப்பாத்து, ஒரு கையில் சப்பாத்து என்று எழும்பினார். அப்பா வந்தார். பன்னிரண்டாம் கதிரையில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். குதிகால் வெடிப்பெல்லாம் வெள்ளை மா. எத்தனை வருட மாவோ. சாமியார் நேரமெடுத்துக் கழுவினார். தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆனது.

பாண் கொடுக்கும் நேரம் வந்தது. உபதேசியார் மெதுவாக, "சுவாமி, பாண் பொங்கேல்லை. குடுக்கிற மாதிரி இல்லை," என்றார். சாமியார் ஒன்றை எடுத்து உடைத்தார். உடைய மறுத்தது. முழங்காலில் வைத்து உடைத்தார்.

"அந்த இரவில் நம் ஆண்டவர் கையில் எடுத்தது புளியாத அப்பம்," என்றார். "இத்தனை வருடம் நாம் பொங்கிய பாணைக் கொடுத்து வந்தோம். இவ்வருடம்தான் சரியாகச் சுட்டிருக்கிறார்கள்."

உபதேசியார் விடவில்லை. "அப்ப இந்தப் பிள்ளையின்ர புதுநன்மை, சுவாமி? பொய்க் கள்ளு வைச்சவள்."

"ஊர் முழுதும் கேட்கப் பாவசங்கீர்த்தனம் செய்தவளுக்கு, இனியும் என்ன பரீட்சை?" என்றார் சாமியார்.

ஞாயிறு அன்று புதுநன்மை வாங்கினேன். காற்றில் முக்காடு பறந்து நட்சத்திரத்தை ஊரே பார்த்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தாரா மட்டும் எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். ஜம்பு தின்ற பையனையும் அன்றைக்கே சாமியார் சேர்த்துக்கொண்டார். அவன் இப்போது என்னை விட இரண்டு வயது மூத்தவன் என்று சொல்லிக்கொண்டு நம் கோவில் முன் வாங்கில் இருக்கிறான். இதைப் படித்தால் சண்டைக்கு வருவான், வரட்டும்.

பொங்கும் பாணுக்குப் பெயர் எடுத்த நான், வருடத்தில் ஒரு நாள், பெரிய புதன் அன்று, என் கையாலேயே புளிப்பு விடாமல் பன்னிரண்டு பாண் சுடுகிறேன். ஐம்பது வேலையாட்கள் இருந்தும் அதை வேறு யாரையும் தொட விடுவதில்லை. பல் இருப்பவர்கள் கடியுங்கள், இல்லாதவர்கள் தேத்தண்ணியில் ஊறவையுங்கள். முணுமுணுப்பது என் காதில் விழுந்தால் அடுத்த வருடம் இன்னும் இறுக்கமாகச் சுடுவேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த வியாழக்கிழமை நாங்கள் வாவிக் கரையோரமாக வீட்டுக்கு நடந்து வந்தோம். அப்பாவின் கையில் அந்த ஓட்டுப் பாண். நான் கேட்டேன்: "ஏம்ப்பா குடிச்சேன்னு சொன்னீங்க?"

"குடிக்கலன்னு எனக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். ரெண்டு பேரு போதும் பாப்பா," என்றார். "ஒஞ் சட்டைய ஊரே பாக்கணுமில்ல."

முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. நடையை மட்டும் வேகமாக்கினார். நாங்கள் வீட்டுக்கு வந்தபோது படியில் தண்ணீர்ச் சட்டி இருந்தது. பக்கத்தில் அந்தத் தகரக் குவளை.

"ஒக்காருங்க," என்றார் அம்மா.

அப்பா படியில் உட்கார்ந்தார். சாமியார் கழுவியது வலது கால். இடது கால் அப்படியே மாவும் தூசியுமாக இருந்தது. அம்மா குவளையில் தண்ணீர் மொண்டு அந்தக் காலில் ஊற்றினார். வெடிப்பு வெடிப்பாகத் தேய்த்தார். தலையைத் தூக்கவேயில்லை. மூன்றாவது குவளைக்குப் பிறகு அவர் தோள் குலுங்கியது.

"போதும் புள்ள," என்றார் அப்பா. "சாமி கூட இவ்வளவு தேய்க்கல."

அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். நூல் கட்டிய ஏழு தாராவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டு வரிசையாக வந்து நின்றன. அப்பா அந்தப் பாணைப் படியில் தட்டி உடைத்து, எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீரில் நனைத்து நீட்டினார்.

"வாங்க," என்றார், "நீங்களும் சாப்பிடுங்க."